ஆளில்லாத ஊர்களுக்கு அருமையான ரோடு: அப்ருட்ஸோவில் சைக்கிள்

ஜூன் 9, 2024, ஞாயிறு. லாக்குவிலா – சாந்தோ ஸ்தெஃபனோ

ரோமிலிருந்து வடகிழக்கே நூறு கிலோமீட்டர் போனால் லாக்குவிலா, இத்தாலியின் அப்ருட்ஸோ மாநிலத் தலைநகர். வெனிஸ், ஃப்ளோரன்ஸ் என்று சுற்றிவிட்டு ஊர் திரும்பும் நம் ஆட்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நானும் பார்த்திருக்க மாட்டேன். மச்சான் (மனைவியின் அண்ணன், சொந்த ஊர் திருச்செங்கோடு, வேலை ஸ்டுட்கார்ட்) போன வருடத்திலிருந்து ஒரே பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். "மாப்ள, மலை ரோடு. தார் கண்ணாடி மாதிரி இருக்கும். அரை மணி நேரத்துக்கு ஒரு காருங்க. நீங்க வந்து பாருங்க."

வந்த இடத்தில் முதலில் கண்ணில் பட்டது கிரேன்கள். 2009 ஏப்ரல் 6, அதிகாலை 3:32க்கு வந்த நிலநடுக்கத்தில் இந்த ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் 309 பேர் இறந்தார்கள். பதினைந்து வருடம் ஆகியும் பழைய நகரத்தின் சந்துகளில் சாரம் கட்டியே இருக்கிறது. ஒரு வீடு புதுச் சுண்ணாம்பில் பளபளக்கிறது, பக்கத்து வீட்டின் ஜன்னலை மரச்சட்டங்கள் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கின்றன. ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் நாள் என்பதால் பள்ளிக்கூட வாசல்களில் போலீஸ்காரர்கள் நிற்க, வயதானவர்கள் நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு ஓட்டுப் போட வந்தார்கள்.

கொல்லெமாஜ்ஜோ தேவாலயம் மட்டும் பார்த்தோம். வெள்ளையும் சிவப்புமாகக் கல் பதித்த முகப்பு. சுல்மோனாவுக்கு மேலே மலைக்குகையில் தவம் கிடந்த ஒரு கிழவரை 1294இல் போப்பாண்டவர் ஆக்கி, ஆகஸ்ட் 29 அன்று இங்கேதான் முடி சூட்டினார்கள். ஐந்தாம் செலஸ்டீன். டிசம்பரிலேயே பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் உடலும் இங்கேதான் இருக்கிறது.

பாரிஷானோ என்ற ஊர் வரை சாதாரண ரோடு. அங்கிருந்து இடப்பக்கம் ஏறத் தொடங்கியதும் மச்சான் சொன்னது பொய்யில்லை என்று தெரிந்தது. பத்து கிலோமீட்டருக்கு மேல் ஏற்றத்தில் எங்களைக் கடந்த வண்டிகள் நான்கோ ஐந்தோ. அதில் ஒரு காய்கறி வேன், வளைவில் எங்களைத் தாண்ட இடமில்லாமல் ஒரு கிலோமீட்டருக்குப் பின்னாலேயே வந்தது. ஹாரனே இல்லை. கடைசியில் நாங்களே வெட்கப்பட்டு ஒதுங்கினோம். ஓட்டுநர் கை காட்டிவிட்டுப் போனார்.

சாந்தோ ஸ்தெஃபனோ 1,250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊர் முழுக்க ஒரே கல், ஒரே நிறம். 1579இல் ஃப்ளோரன்ஸின் மெதிச்சி குடும்பம் இந்தப் பக்கத்து ஊர்களை விலைக்கு வாங்கியது, ஆட்டு ரோமத்துக்காக. அவர்கள் பெயரில் நிற்கும் வட்டக் கோபுரம் 2009இல் விழுந்து, இப்போது மறுபடி கட்டியிருக்கிறார்கள். இன்று நிரந்தரமாக வசிப்பவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தானாம். வீடுகள் பலவற்றை ஒரே ஓட்டலின் அறைகளாக மாற்றிவிட்டார்கள். அதன் விலை கேட்டுவிட்டு, ஊர்க்கோடியில் 70 யூரோவுக்கு ஒரு பாட்டியின் மாடி அறைக்குப் போனோம். சைக்கிள்களைக் கீழே விடுகிறோம் என்றதற்கு ஒப்பவில்லை. தன் வரவேற்பறையில், சோபாவை நகர்த்திவிட்டு இடம் செய்து கொடுத்தார்.

ராத்திரி துவரை. இல்லை, துவரை அளவுகூட இல்லாத கரும்பழுப்பு மசூர், இந்த மலையில் மட்டும் விளைவது. பூண்டு, பே இலை, ஆலிவ் எண்ணெய், மேலே வறுத்த ரொட்டி. ஒரு கிண்ணம் 9 யூரோ. தாளிக்காத பருப்புக்கு 800 ரூபாயா என்று கணக்குப் போட்டுக்கொண்டே ரெண்டாவது கிண்ணம் கேட்டேன்.

ஜூன் 10, திங்கள். காம்ப்போ இம்பெராத்தோரே

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

காலையில் பால்கனியிலிருந்து பார்த்தபோது ஒரு மேகம் இல்லை. கடை திறக்க ஒன்பதாகும் என்றார்கள். ஒன்பதுக்குப் போனால் திங்கள் விடுமுறை. பாட்டி கொடுத்த நாலு பிஸ்கெட்டும் ஒரு ஆப்பிளும்தான் கையில். மேலே போனால் கறி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் கிளம்பினோம்.

ஊருக்கு மேலே ரோடு மரங்களை விட்டு வெளியே வந்து, ஒரு முகட்டைத் தாண்டியதும் சட்டென்று தட்டையாகிறது. காம்ப்போ இம்பெராத்தோரே சுமார் 27 கிலோமீட்டர் நீளம் உள்ள மேட்டுவெளி. வீடில்லை, வேலியில்லை, மரமில்லை. புல், அதன் நடுவே ஒரு தார்க் கோடு, வடக்கே கிரான் சாஸ்ஸோ மலைத்தொடர். அதன் உச்சி 2,912 மீட்டர். இடுக்குகளில் இன்னும் பனி கிடந்தது. குட்டித் திபெத் என்று இத்தாலியர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். மேற்குக் கோடியில் 2,130 மீட்டரில் இருக்கும் ஓட்டலில்தான் 1943இல் முசோலினியைச் சிறை வைத்திருந்தார்கள். செப்டம்பர் 12 அன்று ஜெர்மன் வீரர்கள் எஞ்சின் இல்லாத கிளைடர்களில் வந்து இறங்கி அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பக்கம் நாங்கள் திரும்பவில்லை. எதிர்க்காற்று அடித்தது, மச்சானுக்கும் வரலாற்றில் அவ்வளவு பசி இல்லை.

மந்தை ஒன்று ரோட்டைக் கடந்தது. அதோடு நாய்கள். இந்த வெள்ளை நாய்களைப் பற்றிப் படித்திருந்தேன், ஆனால் அளவு எழுத்தில் தெரியாது. கழுத்தில் இரும்பு முள் பட்டை, ஓநாய் தொண்டையைக் கவ்வாமல் இருக்க. மூன்று நாய்கள் குரைத்துக்கொண்டே எங்களை நோக்கி வந்தன. "மாப்ள, மிதிச்சுப் போயிரலாமுங்களா?" என்றார் மச்சான். கூடாது. ஓடினால் துரத்தும். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் நமக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, மந்தையை ஊடுருவாமல் மெதுவாக நடக்க வேண்டும். நடந்தோம். ஒரு நாய் மச்சானின் பின்சக்கரத்தை முகர்ந்துகொண்டே இருநூறு மீட்டர் கூட வந்தது. அவர் பேசவே இல்லை. அதன் பிறகும் வெகுநேரம் பேசவில்லை.

ஆடு மேய்ப்பவர் தூரத்தில் உட்கார்ந்தபடி ஒரு விசில் அடித்தார், நாய்கள் திரும்பின. அருகே போய்ப் பேசினோம். இத்தாலிக்காரர் இல்லை, வட மாசிடோனியாவிலிருந்து வந்தவர். கோடை மாதங்கள் முழுக்க இங்கே, ஒரு டிரெய்லரில். இங்கத்திய பையன்கள் யாரும் இந்த வேலைக்கு வருவதில்லை என்றார். ஒரு காலத்தில் லட்சக்கணக்கான ஆடுகள் இலையுதிர் காலத்தில் இங்கிருந்து இறங்கி, லாக்குவிலாவிலிருந்து ஃபோஜ்ஜா வரை 244 கிலோமீட்டர் மேய்ச்சல் பாதையில் நடந்து தெற்குச் சமவெளிக்குப் போய், வெயில் வந்ததும் திரும்பி வரும். 2019இல் யுனெஸ்கோ இந்த இடப்பெயர்ச்சியைப் பண்பாட்டுச் சொத்துப் பட்டியலில் சேர்த்தது. இப்போது பெரும்பாலும் லாரி.

கறிக்கடை திறந்திருந்தது, கும்பிடாத குறை. மேட்டுவெளியின் கிழக்கு ஓரத்தில், வெட்டவெளியில் ஒரு கசாப்புக்கடை. அர்ரோஸ்திச்சீனி வாங்க வேண்டியது: சின்னச் சின்னச் சதுரமாக வெட்டிய செம்மறிக் கறி, குச்சியில் கோத்து. ஒன்று 1.30 யூரோ. வெளியே நீளமான தகரத் தொட்டிகளில் கரி கனன்றுகொண்டிருக்கிறது, நாமே சுட்டுக்கொள்ள வேண்டும். உப்பு மட்டும்தான். மிளகாய்த்தூள் எதிர்பார்த்த நாக்கு முதல் குச்சியில் ஏமாந்தது, மூன்றாவதில் அடங்கியது. கொழுப்பு உருகி ஓரம் கருகியதுதான் ருசி. பக்கத்துத் தொட்டியில் இருந்த மோட்டார் சைக்கிள் கோஷ்டி நாங்கள் குச்சிகளைத் திருப்பும் லட்சணத்தைப் பார்த்துச் சகிக்காமல், எங்கள் கொத்தையும் வாங்கிக்கொண்டு கையால் ஒரே திருப்பாகத் திருப்பிக் காட்டினார்கள். அவர்கள் வைனிலும் பங்கு கொடுத்தார்கள்.

இரண்டரைக்கு மேகம் கூடியது. மூன்றுக்கு ஆலங்கட்டி. கடலை அளவு. ஒதுங்க ஒரு மரம் இல்லை என்பது அப்போதுதான் புத்தியில் உறைத்தது. தலைக்கவசத்தில் படபடவென்று விழ, கணவாய் ஏறி மறுபக்கம் காஸ்தெல் தெல் மோந்தே இறங்கும்போது கைவிரல் பிரேக்கைப் பிடிக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஊர் எல்லையில் வெயில் அடித்தது.

ஜூன் 11, செவ்வாய். காஸ்தெல் தெல் மோந்தே – சுல்மோனா

ஈர ஷூக்களுக்குள் பழைய செய்தித்தாள் அடைத்துக் கொடுத்த விடுதிக்காரம்மாவுக்கு நன்றி. தேர்தல் முடிவுச் செய்திகளின் மேல் என் கால் நாற்றம்.

காலை காபி 1.20. பெஞ்சில் ஒரு முதியவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில், அதுவும் சுத்தமான கனடா ஆங்கிலத்தில், "எந்த ஊர்?" என்றார். பத்தொன்பது வயதில் டொராண்டோ போனவர், கட்டட வேலை. ஒவ்வொரு ஜூனிலும் வந்து, செப்டம்பரில் திரும்பிவிடுவார். தன் தெருவைக் கையால் சுட்டி, எந்த வீட்டுக்காரர்கள் டொராண்டோ, எந்த வீடு மெல்போர்ன், எந்த வீடு பெல்ஜியம் என்று வரிசையாகச் சொன்னார். குளிர்காலத்தில் அந்தத் தெருவில் மூன்று வீட்டில்தான் விளக்கு எரியுமாம். பெல்ஜியம் என்றதும் குரல் தணிந்தது. 1956 ஆகஸ்ட் 8 அன்று மார்சினெல் நிலக்கரிச் சுரங்கத் தீயில் 262 பேர் இறந்தார்கள், 136 பேர் இத்தாலியர்கள். அதில் அறுபது பேர் இந்த ஒரு மாநிலத்து ஆட்கள்.

கார் வராத ரோடு என்று நாங்கள் கொண்டாடிக்கொண்டிருப்பதற்கு ஒரு காரணம் நெடுஞ்சாலை. ரோமையும் பெஸ்காராவையும் இணைக்கும் சுங்கச்சாலை வந்ததும் லாரிகள் பழைய ரோடுகளை விட்டுவிட்டன. இன்னொரு காரணம் இந்தப் பெரியவரின் தெரு. அவரிடம் ரோடு பிரமாதம் என்று சொல்ல வந்தவன் சொல்லவில்லை.

கலாஷோவுக்குப் போய், கோட்டை வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினோம். 1,460 மீட்டர், நாலு மூலையிலும் உருண்டைக் கோபுரம், எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. அதற்குக் கொஞ்சம் கீழே எண்கோண வடிவில் தனியாக ஒரு கோயில். சுற்றுலாக்காரர்கள் ஏராளம். இரண்டு நாளில் முதல் கூட்டம் இதுதான், சீக்கிரம் இறங்கிவிட்டோம்.

இறக்கம் என்றால் அப்படி ஓர் இறக்கம். ஓஃபேனா வரை 800 மீட்டருக்கு மேல் கீழே. மேலே ஜாக்கெட், கீழே வெந்நீர்ப் பானைக்குள் இறங்கிய வெக்கை. அந்தப் பள்ளத்தாக்குக்கு அப்ருட்ஸோவின் அடுப்பு என்றே பெயர். கபெஸ்த்ரானோ வயல்களைத் தாண்டும்போது மச்சானின் பின்டயர் பஞ்சர். 1934இல் இங்கேதான் திராட்சைத் தோட்டம் கொத்திய ஒரு விவசாயியின் மண்வெட்டியில் கல் தட்டி, தோண்டிப் பார்த்தால் ஆளுயரத்தை மிஞ்சிய ஒரு வீரன் சிலை, கி.மு. 6ஆம் நூற்றாண்டு. அகலத் தொப்பி, முகமூடி, குறுகிய இடுப்பு. இப்போது கியேத்தி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது ஒரு அங்குல முள்.

மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரை இந்தப் பக்கம் எந்தக் கடையும் திறக்காது என்பதை எத்தனை முறை படித்தாலும் வயிறு நம்புவதில்லை. போபோலியில் குழாய்த் தண்ணீர்தான் சாப்பாடு. தண்ணீருக்கு மட்டும் இந்த மாநிலத்தில் பஞ்சமே இல்லை, ஊருக்கு ஊர் கல்தொட்டி, பல் கூசும் குளிர்ச்சி. கொர்ஃபீனியோவில் ஒரு வீட்டு வேலிக்கு வெளியே தொங்கிய செர்ரியை நாங்கள் பார்த்த பார்வையை உள்ளே இருந்து ஒரு அம்மா பார்த்துவிட்டார். ஒரு பிளாஸ்டிக் பை நிறைய வந்தது. காசு நீட்டியதற்குக் கோபித்துக்கொண்டார். கி.மு. 90 வாக்கில் ரோமை எதிர்த்து எழுந்த மலைக்குடிகள் தலைநகராக்கிக்கொண்டது இந்த ஊரைத்தான். அவர்கள் அடித்த நாணயத்தில்தான் இத்தாலியா என்ற பெயர் பொறித்திருந்தது. நாட்டின் பெயரை நாணயத்தில் பொறித்தவர்களின் ஊரில் இன்று மத்தியானம் நடமாடியது இரண்டு பூனைகள்.

ஜூன் 12, புதன். சுல்மோனா – ஸ்கான்னோ

சுல்மோனாவில் புதனும் சனியும் சந்தை. 1256இல் கட்டிய கல் நீர்ப்பாலத்தின் வளைவுகளுக்குப் பக்கத்தில், பெரிய சதுக்கம் முழுக்கக் கூடாரம். இந்த ஊர்ச் சிவப்புப் பூண்டைச் சரமாகப் பின்னித் தொங்கவிட்டிருந்தார்கள். மச்சான் ரெண்டு சரம் வாங்கி ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டார். ஸ்டுட்கார்ட் வரை அது எப்படிப் போகும் என்று கேட்டேன், "ரசத்துக்குங்க" என்றார்.

கவிஞர் ஓவிட் கி.மு. 43இல் பிறந்த ஊர். சிலை வைத்திருக்கிறார்கள். பேரரசர் அகஸ்டஸ் நாடு கடத்தி, கருங்கடல் ஓரத்தில் ஊரை நினைத்துப் பாடியபடியே செத்துப்போனார். ஊரை விட்டுப் போனவர்களின் பட்டியலில் அவர்தான் முதல் ஆள் போல. இன்று ஊருக்குச் சோறு போடுவது சர்க்கரை பூசிய பாதாம். கல்யாணங்களுக்குக் கொடுப்பது. அதைக் கலர் காகிதத்தில் சுற்றிப் பூங்கொத்து மாதிரி கட்டி, தெரு முழுக்கக் கடை.

பன்னிரண்டு மணிக்குப் பிறகு சஜித்தாரியோ மலைப்பிளவு. அன்வெர்சாவிலிருந்து ரோடு பாறையைக் குடைந்து குடைந்து ஏறுகிறது. சில இடங்களில் ஒரு கார் வந்தால் நாம் சுவரோடு ஒட்ட வேண்டும், ஆனால் கார்தான் வரவில்லையே. உள்ளே குளிர்ச்சி, கீழே ஆற்றுச் சத்தம். வில்லலாகோவுக்கு முன்னால் பச்சையாக ஒரு ஏரி, அதன் மேல் பாறைக்குகையில் துறவியின் கோயில். இந்தப் பயணத்தில் ஒரே ஒரு ரோட்டைத் திரும்ப ஓட்டலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஸ்கான்னோ எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. புகைப்படக்காரர்கள் கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1951இலும் மாரியோ ஜகோமெல்லி 1957இலும் வந்து எடுத்த படங்களால் ஊர் பெயர் பெற்றது. கறுப்பு உடுப்புப் பெண்கள், வெள்ளைச் சுவர், படிக்கட்டு. இப்போது அந்தப் படங்களின் பிரதியை ஊரெல்லாம் மாட்டிவைத்து, எங்கே நின்று எடுத்தார்கள் என்று காட்டுகிறார்கள். எல்லோரும் அதே இடத்தில் நின்று அதே படத்தை எடுக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டில் ஆறிய பாஸ்தா, ரொட்டிக்கும் மேசைவிரிப்புக்கும் தலைக்கு 3 யூரோ. ஆனால் பேக்கரியில் விற்கும் சாக்லெட் பூசிய பாதாம் கேக்கைக் குறை சொல்ல மாட்டேன். கரடியின் ரொட்டி என்று பெயர்.

ஜூன் 13, வியாழன். ஸ்கான்னோ – பெஸ்காஸ்ஸெரோலி

கோடி என்ற பெயருள்ள கணவாய்க்கு ஏற்றம். நீளம், சாய்வு அதிகமில்லை, பீச் மர நிழல். மேலே 1,500 மீட்டருக்கும் அதிக உயரத்தில் சூடான சாக்லெட் ஒன்று குடித்துவிட்டு, காடு வழியாக வில்லெத்தா பர்ரேயா வரை மிதிக்காமல் போனோம். அங்கே மான்கள் ஊருக்குள் திரிகின்றன. பாருக்கு வெளியே பெரிய கொம்போடு ஒன்று நின்று, அடுத்த வீட்டு ரோஜாவை மேய்ந்தது. வீட்டுக்காரர் விளக்குமாற்றோடு வந்து, எங்களைப் பார்த்ததும் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுப் படத்துக்கு நின்றார்.

கரடி பார்க்கவில்லை. மார்சிக்கன் கரடி உலகத்திலேயே இந்த மலைகளில் மட்டும், ஐம்பது அறுபதுதான் மிச்சம். போன வருடம் ஆகஸ்ட் 31 அன்று, குட்டிகளோடு ஊர்களுக்குள் வந்து போய் எல்லோருக்கும் செல்லமாக இருந்த அமரேனா என்ற தாய்க்கரடியை ஒருவர் சுட்டுவிட்டார். விடுதிக்காரர் அதைச் சொன்ன விதம் துஷ்டி வீட்டில் பேசுவதுபோல இருந்தது.

ஜூன் 14, வெள்ளி. பெஸ்காஸ்ஸெரோலி – அவெட்ஸானோ

1,400 மீட்டர் கணவாயைத் தாண்டி, ஜோயா வெக்கியோவின் இடிந்த வீடுகளைக் கடந்து இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை அளவெடுத்த சதுரங்களாக வயல். ஃபூச்சினோ. இது ஏரியாக இருந்தது, இத்தாலியின் மூன்றாவது பெரிய ஏரி. ரோமப் பேரரசர் கிளாடியஸ் மலையைக் குடைந்து வற்றவைக்கப் பார்த்து அரைகுறையாக விட்டதை, 1870களில் தோர்லோனியா என்ற ரோம் பணக்காரர் முடித்தார். இப்போது உருளைக்கிழங்கும் கேரட்டும். நேர்கோட்டு ரோடு, டிராக்டர் புழுதி, நெஞ்சில் காற்று. மலையில் வராத அலுப்பு இந்தச் சமவெளியில் வந்தது.

அவெட்ஸானோ முழுக்கப் புது ஊர். 1915 ஜனவரி 13 நிலநடுக்கத்தில் பழைய ஊர் தரைமட்டமானது, வட்டாரத்தில் சுமார் 30,000 பேர் போனார்கள். மச்சானுக்கு இங்கே ஒரு வேலை இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களை அடைத்திருந்த முகாம் ஒன்று இங்கே இருந்ததாக அவர் படித்திருக்கிறார். அவர் ஊர்ப்பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் வாரிசு, பின்னாளில் இந்திய ராணுவத் தளபதியான பி.பி. குமாரமங்கலம், 1942இல் லிபியாவில் பிடிபட்டு இத்தாலியில் கைதியாக இருந்தவர். "நம்மூர்க்காரரும் இந்த மலையப் பாத்திருப்பாருங்களோ என்னமோ" என்று சொல்லிக்கொண்டே, ஸ்டேஷன் எதிரே இருந்த பாரில் விசாரித்தார்.

பையனுக்குத் தெரியவில்லை. உள்ளே சீட்டாடிக்கொண்டிருந்த நான்கு பெரியவர்களிடம் கேள்வியைக் கடத்தினான். ஆட்டம் நின்றது. ஒருவர் வடக்கே கை காட்டினார், இன்னொருவர் இல்லை என்று மேற்கே காட்டினார். மூன்றாமவர், 1943இல் முகாமிலிருந்து தப்பி வந்தவர்களுக்குத் தன் அம்மா மாட்டுக்கொட்டகையில் ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்ததாகச் சொன்னார். தலைப்பாகை கட்டிய ஒருவரைப் பற்றி அம்மா கடைசிவரை பேசிக்கொண்டிருந்தாராம். வடக்கா மேற்கா என்ற சண்டை அதற்குள் வலுத்துவிட்டது. எங்களை மறந்தே போனார்கள்.

ரோமுக்கு ரயில் 5 மணி வாக்கில். சைக்கிளுக்குத் தனியாக 3.50 யூரோ. பெட்டியில் பூண்டு வாடை தாங்காமல் எதிர் சீட்டுப் பெண் ஜன்னலைத் திறக்கப் பார்த்தாள். அது திறக்காத ஜன்னல். மச்சான் எழுந்து சரத்தை அவிழ்த்து, பைக்குள் என் சட்டைகளுக்கு நடுவே வைத்தார்.